பயன்படுத்தாத ஆடைகளைப் பணமாக்குதல்: குடியிருப்பாளர்களுக்கான விளக்கம்

ஐக்கிய இராச்சியத்தில் வளர்ந்த ஒருவரிடம் சராசரியாக 118 ஆடைகள் இருப்பதாகவும், அவற்றுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஓராண்டாக அணியப்படாமலே கிடப்பதாகவும் ராப் என்னும் தொண்டு அமைப்பு 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. தமிழ்க் குடும்பங்களின் அலுமாரிகளில் இவற்றோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு திருமணத்துக்கு உடுத்திய பட்டுச் சேலை, அரங்கேற்றத்துக்குத் தைப்பித்த நடன உடை, பிள்ளை வளர்ந்துவிட்டதால் சிறுத்துப்போன பாடசாலைச் சீருடை, ஊரிலிருந்து வந்த உறவினர் விட்டுச் சென்ற குளிர்கால மேலங்கி ஆகியன அவற்றுட் சில.

இந்த ஆடைகளுக்குப் பணம் கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆடையின் தரத்துடன், அது எங்கே விற்கப்படுகிறது என்பதும் தீர்மானிக்கிறது. ஒரே பையிலுள்ள ஆடைகள் ஓரிடத்தில் நான்கு பவுணுக்கும், வேறோரிடத்தில் நூறு பவுணுக்கும் விலைபோகக்கூடும். இணையத்தில் விற்கும்போது கவனக்குறைவான ஒரு செயலால் வங்கிக் கணக்கிலுள்ள பணத்தையே இழக்கவும் நேரலாம். விற்கும் வழிகள், விலை, வரி, அரச உதவித்தொகை, மோசடியைத் தவிர்த்தல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் தரம் பிரித்தல்

விற்கும் இடத்தைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் ஆடைகளை மூன்று குவியல்களாகப் பிரிப்பது நன்று.

முதலாவது குவியல், தனித்தனியாக விற்கத்தக்கவை. பெயர்பெற்ற நிறுவனங்களின் மேலங்கிகள், தோற்காலணிகள், விலைச்சீட்டு அகற்றப்படாத புதிய ஆடைகள், பட்டுச் சேலைகள், லெஹங்கா, நடன உடைகள் போன்றவை இதில் அடங்கும்.

இரண்டாவது குவியல், அணியத்தக்க நிலையில் இருந்தாலும் தனியாக விற்கும் அளவுக்கு விலை பெறாதவை. சாதாரணச் சட்டைகள், குழந்தை உடைகள், அன்றாடக் காற்சட்டைகள் முதலியன இவ்வகையின.

மூன்றாவது குவியல், கிழிந்தவை, கறைபட்டவை, அணிய இயலாதவை. இவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. எனினும் இவற்றை வீட்டுக் குப்பையில் இடவேண்டியதில்லை.

தரம் பிரிக்கும்போது எல்லாப் பைகளையும் மடிப்புகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நகை, பணம், கடிதம், வங்கி அட்டை ஆகியவை பழைய மேலங்கிகளில் மறந்து விடப்படுவது வழக்கமே. பிள்ளைகளின் பெயர் எழுதிய துணிச்சீட்டுகளையும் அகற்றிவிட வேண்டும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்துக் கிலோ ஆடைகளைக் கிலோவுக்கு 40 பென்ஸ் வீதம் எடைக்கு விற்றால் நான்கு பவுண் கிடைக்கும். அதே பைக்குள் நல்ல நிலையிலுள்ள குளிர்கால மேலங்கி ஒன்று இருந்திருந்தால், அது மட்டுமே இணையத்தில் 20 அல்லது 30 பவுணுக்கு விலைபோயிருக்கலாம். அதை எடுத்துவிட்டு எஞ்சியதை எடைக்குக் கொடுப்பதே இலாபம்.

இணையத் தளங்களில் விற்பனை

தனித்தனியாக விற்கத்தக்க ஆடைகளுக்கு இன்று பெரும்பாலோர் நாடுவது இணையத் தளங்களையே. லித்துவேனியாவில் 2008 ஆம் ஆண்டில் தோன்றிய விண்டெட் தளத்தில் விற்பவரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வாங்குபவரே பாதுகாப்புக் கட்டணத்தையும் அஞ்சற் செலவையும் செலுத்துகிறார். ஈபே தளமும் தனிப்பட்ட முறையில் விற்போரிடமிருந்து ஆடைகளுக்கு அறவிட்ட விற்பனைக் கட்டணத்தை 2024 ஏப்ரல் மாதத்தில் நீக்கியது. இளைஞர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் டீபொப் தளமும் அதே ஆண்டில் இந்நாட்டு விற்பனையாளர்களுக்கான விற்பனைக் கட்டணத்தைக் கைவிட்டது. எனினும் பணம் கைமாறுவதற்கான சிறு கட்டணம் அங்கு உண்டு. கட்டண விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஆடையைப் பட்டியலிடும் நாளில் அவற்றை மீண்டும் பார்ப்பது நல்லது.

இத்தகைய தளங்களில் வாங்குபவர் செலுத்தும் பணம் உடனடியாக விற்பவரைச் சேர்வதில்லை. தளம் அதனைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பொதி சேர்ந்து, அதில் குறையில்லை என்று வாங்குபவர் உறுதிப்படுத்திய பின்னரோ, முறையிடுவதற்கான கால எல்லை கடந்த பின்னரோ பணம் விடுவிக்கப்படுகிறது. அதன்பின் அதனை வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு இரு தரப்புக்கும் பாதுகாப்பானது. தளத்துக்கு வெளியே பணம் கைமாறினால் இப்பாதுகாப்பு இல்லாமற் போகிறது.

பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவற்றின் மூலம் அருகில் வசிப்போருக்கு நேரில் விற்பதும் உண்டு. அஞ்சற் செலவு இல்லை என்பது இதன் நன்மை. ஆனால் முன்பின் அறியாத ஒருவரைச் சந்திக்க நேர்வதால், பகல் வேளையில், மக்கள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் சந்திப்பதே உகந்தது.

விலையும் விவரணமும்

விற்பவர் கேட்கும் விலைக்கும் உண்மையில் விலைபோகும் விலைக்கும் வேறுபாடு பெரிது. ஈபே தளத்தில் ஏற்கெனவே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு உண்டு. அதே வகை ஆடை அண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்பதை அதன்மூலம் அறிந்து விலை குறிப்பது சிறந்த முறையாகும்.

பருவமும் விலையைப் பாதிக்கும். குளிர்கால மேலங்கியைச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும், விழாக்கால உடைகளைத் தீபாவளிக்கும் கோடைத் திருமணக் காலத்துக்கும் சில வாரங்கள் முன்னதாகவும் பட்டியலிட்டால் வாங்குவோர் மிகுதியாக இருப்பர்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவரின் முன் எடுக்க வேண்டும். முன்புறம், பின்புறம், நிறுவனச் சீட்டு, அளவுச் சீட்டு ஆகியவற்றோடு குறைகளையும் படமெடுத்துக் காட்ட வேண்டும். பின்னணியில் வீட்டு முகவரி, கடிதங்கள், பிள்ளைகளின் ஒளிப்படங்கள் தெரியாமற் பார்த்துக்கொள்வது அவசியம்.

அளவுச் சீட்டை மட்டும் நம்பாமல் மார்பு, இடை, நீளம் ஆகியவற்றைச் சென்டிமீற்றரில் அளந்து எழுதினால் பின்னர் எழும் பிணக்குகள் குறையும். தனிப்பட்ட விற்பனையிலும் ஆடை விவரணத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். புள்ளியளவு கறையாயினும் அதைக் குறிப்பிடுவது விற்பவருக்கே பாதுகாப்பு. பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தைப் போலியாகத் தாங்கிய ஆடைகளை விற்பது வணிகச் சின்னச் சட்டத்தின்படி குற்றமாகலாம். விடுமுறையில் சந்தையில் மலிவாக வாங்கிய கைப்பை, காலணி முதலியவற்றை விற்க நினைப்போர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

பொதியை அஞ்சல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது, அனுப்பியதற்கான சான்றிதழைக் கட்டணமின்றிப் பெறலாம். றோயல் மெயிலின் சிறு பொதி 45 சென்டிமீற்றர் நீளம், 35 சென்டிமீற்றர் அகலம், 16 சென்டிமீற்றர் தடிப்பு, 2 கிலோ எடை ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. சேலையொன்றை அந்த அளவுக்குள் எளிதில் மடித்து வைக்கலாம். பணம் கணக்கில் சேரும் வரை சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சேலைகளும் நடன உடைகளும்

பொதுவான இணையத் தளங்களில் பட்டுச் சேலையின் பெறுமதியை அறிந்தோர் குறைவு. நீளம், அகலம், பட்டின் வகை, சரிகையின் தன்மை ஆகியவற்றை விற்பவரே விளக்கினாலன்றி அது வெறும் துணியாகவே மதிக்கப்படும். சேலையின் நீளம் பொதுவாக ஐந்தரை மீற்றர் அளவில் இருக்கும். இரவிக்கைத் துணி இணைந்துள்ளதா, வெட்டி எடுக்கப்பட்டதா என்பதையும் குறிப்பிட வேண்டும். தைத்த இரவிக்கை இருந்தால் அதன் மார்பளவோடு, உட்தையலில் எவ்வளவு துணி விடப்பட்டுள்ளது என்பதையும் எழுதுவது பயனுள்ளது. பிரித்துப் பெரிதாக்கலாம் என்பது தெரிந்தால் வாங்குவோர் வட்டம் விரிவடையும். சேலையை விரித்து முந்தானை, கரை, உடல் மூன்றையும் தனித்தனியாகப் படமெடுக்க வேண்டும். வாங்கிய கடையின் பற்றுச்சீட்டோ, இந்தியாவின் சில்க் மார்க் சீட்டோ இருந்தால் அதனையும் காட்டலாம்.

நெடுங்காலம் மடித்து வைத்த பட்டு மடிப்பு வழியே கிழியக்கூடும். விற்பதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புகளைச் சோதிப்பது நன்று. பூச்சி உருண்டையின் மணத்தை நீக்க நறுமணத் திரவம் தெளிக்கக்கூடாது. அது பட்டிலும் சரிகையிலும் கறையை உண்டாக்கும். காற்றோட்டமான நிழலில் சில நாட்கள் விரித்து வைத்தாலே போதும்.

அசல் சரிகை என்பது பட்டு நூலின்மீது வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதாகும். சென்னை, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் இத்தகைய பழைய சேலைகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காக வாங்குவோர் உள்ளனர். ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் சில இதனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனால் அவ்வாறு விற்கும்போது வெள்ளிக்கே விலை கிடைக்கும். துணி எரித்து அழிக்கப்படும். ஆகவே உடுத்தத்தக்க நிலையிலுள்ள சேலையை முதலில் சேலையாகவே விற்க முயல்வதும், நைந்து கிழிந்ததை மட்டும் சரிகைக்காகக் கொடுப்பதும் பொருத்தமானவை.

பரதநாட்டிய உடைகளுக்கு நம் சமூகத்துக்குள்ளேயே வாங்குவோர் உண்டு. அளந்து தைப்பித்த உடை ஓரிரு மேடைகளுக்குப் பின் பிள்ளைக்குச் சிறுத்துவிடும். அதே வேளையில் இன்னொரு குடும்பம் அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்காக அதே அளவில் உடை தேடிக்கொண்டிருக்கும். நடனப் பள்ளியின் ஆசிரியர், தமிழ்ப் பாடசாலையின் அறிவித்தற் பலகை, பெற்றோரின் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றின் மூலம் விற்றால் அஞ்சற் செலவு இல்லை. உடையை நேரில் அணிந்து பார்க்கவும் முடியும். விசிறி, தாவணி, நகைத் தொகுதி முதலியவற்றை உடையோடு சேர்த்து ஒரே தொகுதியாக விற்பதே பெரும்பாலும் நல்ல விலையைத் தரும்.

எடைக்கு வாங்கும் கடைகள்

இரண்டாவது குவியலுக்கு விரைவான வழி எடைக்கு வாங்கும் கடைகளாகும். இவை அணியத்தக்க ஆடைகள், இணையான காலணிகள், இடுப்புப் பட்டிகள், கைப்பைகள் முதலியவற்றை நிறுத்து உடனே பணம் தருகின்றன. கிலோவுக்குக் கிடைப்பது பென்ஸ் கணக்கிலேயே இருக்கும். விலை கடைக்குக் கடை மாறுவதால் முன்னதாகத் தொலைபேசியில் விசாரிப்பது நல்லது. மெத்தை விரிப்பு, தலையணை, ஈரமான துணி, சின்னம் பொறித்த சீருடை ஆகியவற்றைப் பல கடைகள் ஏற்பதில்லை. வீட்டிலேயே குளியலறைத் தராசில் பையை நிறுத்துச் சென்றால் கடையின் நிறுவையோடு ஒப்பிடலாம்.

இவ்வாறு சேரும் ஆடைகள் மீண்டும் தரம் பிரிக்கப்பட்டுப் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கானா நாட்டின் தலைநகர் அக்ராவிலுள்ள கண்டமண்டோ சந்தை, இத்தகைய ஆடைகள் சென்றடையும் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. அங்கு விற்க முடியாதவை அந்நாட்டின் குப்பையாகிவிடுகின்றன. கிழிந்தவற்றை அணியத்தக்கவற்றோடு கலந்து அனுப்பாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கார் பூட் சந்தையும் ஒப்படைப்புக் கடையும்

பல ஆடைகளை ஒரே நாளில் விற்க விரும்புவோர் வார இறுதிகளில் நடைபெறும் கார் பூட் சந்தைகளில் இடம் எடுக்கலாம். இடத்துக்குக் கட்டணம் உண்டு. அதனையும் எரிபொருட் செலவையும் கழித்த பின்னரே இலாபத்தைக் கணக்கிட வேண்டும். சில்லறைக் காசும் பைகளும் கொண்டுசெல்வது நன்று. முதல் ஒரு மணி நேரத்தில் வருவோரில் மறுவிற்பனைக்காக வாங்கும் வணிகரும் இருப்பர் என்பதால், விலையை அவசரப்பட்டுக் குறைக்கத் தேவையில்லை.

விலையுயர்ந்த ஆடைகளை ஒப்படைப்பு முறையில் விற்றுத்தரும் கடைகளும் உள்ளன. ஆடை விற்ற பின் கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை உரியவருக்குத் தரும். கடையின் பங்கு எவ்வளவு, எவ்வளவு காலம் ஆடை கடையில் இருக்கும், விற்காவிட்டால் யார் திருப்பி எடுப்பது, ஆடை பழுதானால் பொறுப்பு யாருடையது ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.

பாடசாலைச் சீருடை

சீருடைச் செலவு குறித்த சட்டம் ஒன்று இங்கிலாந்தில் 2021 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்படி வெளியிடப்பட்ட வழிகாட்டல், பழைய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்க ஏற்பாடு இருப்பதைப் பாடசாலைகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஆகவே சீருடையை விற்க விரும்புவோரும், குறைந்த விலைக்கு வாங்க விரும்புவோரும் முதலில் பாடசாலை அலுவலகத்தை அணுகலாம். பெற்றோர் சங்கங்கள் நடத்தும் விற்பனைகளில் ஒரு சீருடையைக் கொடுத்துப் பெரிய அளவிலான இன்னொன்றைப் பெறும் வாய்ப்பும் உண்டு. கையில் பணம் சேராவிடினும், செலவு மிச்சமாவதும் வருமானமே.

மோசடியை இனங்காணுதல்

இணையத்தில் விற்போர் பணத்தை இழப்பது பெரும்பாலும் ஆடையால் அன்று, வங்கி விவரங்களைக் கொடுப்பதாலேயே. வழக்கமான முறை பின்வருமாறு அமையும். ஆடையைப் பட்டியலிட்ட சில நிமிடங்களிலேயே, அதை வாங்குவதாகக் கூறி ஒருவர் செய்தி அனுப்புவார். விற்பவரின் மின்னஞ்சல் முகவரியையோ வாட்ஸ்அப் இலக்கத்தையோ கேட்பார். பின்னர் விற்பனைத் தளத்தின் சின்னத்தோடு ஒரு செய்தி வரும். பணம் செலுத்தப்பட்டுவிட்டது, அதைப் பெற இந்த இணைப்பை அழுத்தி வங்கி அட்டை விவரங்களைப் பதியவும் என்று அதில் இருக்கும். அந்த இணைப்பு போலியானது. அங்கு பதியும் விவரங்களைக் கொண்டு கணக்கிலுள்ள பணம் எடுக்கப்படும்.

இதனைத் தடுக்கும் விதி எளியது. ஒருவர் பணம் பெறுவதற்கு அவருடைய கணக்கு இலக்கமும் சோர்ட் கோட் எனப்படும் கிளைக் குறியீடுமே போதும். அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்கள், பின் இலக்கம், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு ஆகியவை பணம் பெறுவதற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் எவராயினும், தம்மைத் தளத்தின் உதவிப் பிரிவினர் என்றோ வங்கியினர் என்றோ கூறிக்கொண்டாலும், அவருக்குக் கொடுக்கக்கூடாது.

வேறு சில அடையாளங்களும் உண்டு. கேட்ட விலைக்கு மேலாகப் பணம் அனுப்பிவிட்டதாகக் கூறி மிகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வது, பணம் செலுத்தியதாக ஒரு படத்தை மட்டும் காட்டி ஆடையை எடுத்துச் செல்ல முயல்வது, தளத்தின் வழியாக அன்றி வேறு வழியில் பணம் தருவதாகச் சொல்வது ஆகியவை மோசடியின் குறிகளே. நேரில் விற்கும்போது, பணம் தம் கணக்கில் சேர்ந்துவிட்டதை வங்கியின் செயலியில் பார்த்த பின்னரே ஆடையைக் கையளிக்க வேண்டும்.

விவரங்களைக் கொடுத்துவிட்டதாக உணர்ந்தவர் வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தக்கூடாது. 159 என்னும் இலக்கத்தை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளோடு நேரடியாக இணைக்கப்படுவர். சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்தியை 7726 என்னும் இலக்கத்துக்குக் கட்டணமின்றி அனுப்பலாம். மோசடி பற்றிய முறைப்பாட்டை 0300 123 2040 என்னும் இலக்கத்தில் பதியலாம். வயதில் மூத்தோர் முதன்முறை விற்கும்போது பிள்ளைகளோ நம்பிக்கையான அயலவரோ அருகிலிருப்பது நன்று.

வரி செலுத்த வேண்டுமா?

2024 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், இணைய விற்பனைத் தளங்கள் விற்போரின் விவரங்களைத் திரட்டி வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஓராண்டில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களை விற்றோர், அல்லது 2,000 யூரோவுக்கு மேல் பெற்றோர் பற்றிய விவரங்கள் இவ்வாறு அறிவிக்கப்படுகின்றன. பழைய உடுப்பு விற்றால் வரி கட்ட வேண்டும் என்னும் வதந்தி இதிலிருந்தே பரவியது.

அறிவித்தல் வேறு, வரி வேறு. தமக்கென வாங்கிப் பயன்படுத்திய ஆடைகளை விற்பது பொதுவாக வணிகமாகக் கருதப்படுவதில்லை. 400 பவுணுக்கு வாங்கிய சேலையை 120 பவுணுக்கு விற்றவர் இலாபம் ஈட்டவில்லை. அவருக்கு வருமான வரி இல்லை. ஒரு தனிப்பொருள் 6,000 பவுணுக்கு மேல் விலைபோனாலன்றி மூலதன இலாப வரி பற்றியும் எண்ண வேண்டியதில்லை.

ஆனால் விற்பதற்காகவே வாங்குவது வணிகமாகும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சேலைகளை வரவழைத்து இலாபத்துக்கு விற்பவரும், கார் பூட் சந்தையில் மலிவாக வாங்கி இணையத்தில் விற்பவரும் இதில் அடங்குவர். அத்தகையோரின் விற்பனை வரவு, செலவுகளைக் கழிப்பதற்கு முன்னர், ஒரு வரி ஆண்டில் 1,000 பவுணைத் தாண்டினால், சுயமதிப்பீட்டு முறையில் பதிவுசெய்ய வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 6 இல் தொடங்கி மறு ஏப்ரல் 5 இல் முடிகிறது. அதனை அடுத்து வரும் ஒக்டோபர் 5 பதிவுக்கான இறுதி நாளாகும்.

விற்பனைத் தளம் தேசிய காப்புறுதி இலக்கத்தைக் கேட்கும்போது சிலர் அதனை மோசடியென அஞ்சுவர். மேற்கூறிய விதியின் காரணமாக இக்கேள்வி உண்மையாகவே எழக்கூடும். எனினும் மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாக அதனைக் கொடுக்கக்கூடாது. செயலியைத் தாமே திறந்து, தம் கணக்குப் பகுதிக்குள் அவ்வேண்டுகோள் உள்ளதா என்று பார்த்து, அங்கேயே பதிய வேண்டும்.

உதவித்தொகை பெறுவோர் கவனத்துக்கு

யூனிவேர்சல் கிரெடிட் பெறுபவர் தம் பழைய ஆடைகளை விற்றுப் பெறும் பணம் பொதுவாகச் சம்பாத்தியமாக அன்றிச் சேமிப்பாகவே கணிக்கப்படுகிறது. குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு 6,000 பவுணுக்குள் இருக்கும்வரை கொடுப்பனவு குறைவதில்லை. 6,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு படிப்படியாகக் குறையும். 16,000 பவுணைத் தாண்டினால் தகுதியே இழக்கப்படும். பென்ஷன் கிரெடிட்டில் முதல் 10,000 பவுண் சேமிப்புக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

விற்பனையை ஒரு தொழிலாகத் தொடர்ந்து செய்பவர், தொகை சிறிதாயினும், அதனைச் சுயதொழிலாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காது விட்டால் பின்னர் மிகைக் கொடுப்பனவைத் திருப்பிச் செலுத்த நேரும். வங்கிக் கூற்றுகளையும் விற்பனைப் பட்டியலையும் வைத்திருந்தால், விற்றவை தம் சொந்த ஆடைகளே என்பதைக் காட்டுவது எளிதாகும்.

கொடையும் வாசலில் வரும் பைகளும்

விற்கும் நேரமோ வசதியோ இல்லாதோர் தொண்டு நிறுவனக் கடைகளுக்கு ஆடைகளைக் கொடுக்கலாம். வருமான வரி செலுத்துபவர் கிஃப்ட் எயிட் படிவத்தில் கையொப்பமிட்டால், அவரது ஆடைகள் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்நிறுவனத்துக்குக் கிடைக்கும். 10 பவுணுக்கு விற்ற மேற்சட்டையால் நிறுவனம் 12 பவுண் 50 பென்ஸ் பெறும். போதிய வரி செலுத்தாதவர் இப்படிவத்தில் கையொப்பமிடக்கூடாது. மிகுதியை அவரிடமே வரித் திணைக்களம் கேட்கக்கூடும்.

தொண்டின் பெயரால் வீட்டு வாசலில் இடப்படும் பைகள் யாவும் தொண்டு நிறுவனங்களுடையவை அல்ல. வீடு வீடாகத் தொண்டுக்கெனப் பொருள் திரட்டுவதற்கு 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை. லண்டனில் இதனைக் காவல்துறையும், பிற இடங்களில் உள்ளூர் சபையும் வழங்குகின்றன. பெரிய தொண்டு நிறுவனங்கள் சில நாடளாவிய விலக்குப் பெற்றுள்ளன.

பையில் தொண்டு நிறுவனப் பதிவிலக்கம் அச்சிடப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவுபெற்ற கம்பனி என்று மட்டும் இருந்தால் அது தொண்டு நிறுவனம் என்பதற்குச் சான்றாகாது. வணிக நிறுவனங்களும் கம்பனியாகவே பதிவுசெய்யப்படுகின்றன. தொண்டு நிறுவனப் பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்வையிடலாம். ஐயம் தீராவிடில் ஆடைகளை நேரடியாகக் கடையிலேயே கொடுப்பது மேல்.

விற்க முடியாதவை

கிழிந்த துணிகளுக்கும் பயன் உண்டு. பழைய கம்பளியைப் பிரித்து மீண்டும் நூலாக்கும் தொழில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோர்க்ஷயரின் பட்லி நகரில் தோன்றியது. இன்று வட இந்தியாவின் பானிப்பட் நகரம் அத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. உலர்ந்த, சுத்தமான துணிகளைப் பையிலிட்டுக் கட்டி, பொதுவிடங்களிலும் மீள்சுழற்சி நிலையங்களிலும் உள்ள துணி சேகரிப்புப் பெட்டிகளில் இடலாம். காலணிகளை இணையாகக் கட்டி இடவேண்டும். ஈரத்துணி ஒன்று பெட்டியிலுள்ள ஏனையவற்றையும் பழுதாக்கிவிடும். பெட்டி நிறைந்திருந்தால் பையை அதன் அருகே விட்டுச் செல்லக்கூடாது. அது சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுதலாகக் கருதப்பட்டு அபராதம் விதிக்கப்படலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

- ஆடைகளை மூன்றாகப் பிரித்த பின்னரே எங்கு விற்பது என்பதைத் தீர்மானித்தல்.
- விற்று முடிந்த விலைகளைப் பார்த்து விலை குறித்தல்.
- குறைகளைப் படத்திலும் எழுத்திலும் காட்டுதல்.
- பேச்சையும் பணத்தையும் விற்பனைத் தளத்துக்குள்ளேயே வைத்திருத்தல்.
- அட்டை விவரங்களையும் ஒருமுறைக் குறியீட்டையும் எவருக்கும் கொடாதிருத்தல்.
- விற்றவற்றின் பட்டியலையும் அஞ்சற் சான்றிதழ்களையும் பேணுதல்.

வாங்குபவரோடும் கடையோடும் எழும் பிணக்குகள் பற்றிச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவிச் சேவையை 0808 223 1133 என்னும் இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம். ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர் அழைப்பின் தொடக்கத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்கலாம். கணினி வசதி இல்லாதோர் அருகிலுள்ள பொது நூலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் பொதுக் கணினியில் வங்கிக் கணக்கையோ விற்பனைக் கணக்கையோ திறந்தவர், எழுந்து செல்வதற்கு முன் அதிலிருந்து முற்றாக வெளியேறிவிட்டாரா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.